பணத்தை எடுத்தார்களா, நாமே கொடுத்தோமா?

ஒரு நாள் சாயங்காலம் சித்தப்பாவுக்கு எஸ்.எம்.எஸ் வந்தது. போன மாத கரண்ட் பில் அப்டேட் ஆகவில்லை, இன்றிரவு 9.30 மணிக்கு இணைப்பைத் துண்டிக்கிறோம், உடனே மின்வாரிய அதிகாரியை அழைக்கவும். கீழே பத்து இலக்க செல்போன் எண். சித்தப்பா அழைத்தார். பேசியவர் ரொம்பப் பதமாகப் பேசினார். "நீங்க கட்டியிருக்கீங்க சார், சிஸ்டத்துலதான் ஏறல. ஒரு ஆப் சொல்றேன், இறக்குங்க. பத்து ரூபா மட்டும் கட்டினா சரியாயிடும்." சித்தப்பா இறக்கினார். ஆப்பைத் திறந்ததும் தெரிந்த ஒன்பது இலக்க எண்ணைப் படித்துக்காட்டவும் செய்தார். அடுப்படியிலிருந்து சித்தி கேட்ட ஒரு கேள்விதான் அன்றைக்குக் காப்பாற்றியது: "நமக்கு ரெண்டு மாசத்துக்கு ஒருக்காதானே பில்லு? அது என்ன போன மாச பில்லு?"

தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு ஒரு முறைதான் கணக்கெடுப்பு. வடக்கே எங்கோ உட்கார்ந்து ஊர் ஊராக ஒரே செய்தியை அனுப்புகிறவருக்கு இது தெரிந்திருக்க நியாயமில்லை. சித்தப்பா போனை வைத்தார். அவசரமாக நெட்டை அணைத்து, ஆப்பைத் தூக்கி, மறுநாள் காலையில் பின் நம்பர்களையெல்லாம் மாற்றினோம்.

அவர் இறக்கியது திருட்டு ஆப் இல்லை என்பதுதான் வேடிக்கை. ப்ளே ஸ்டோரில் முறையாகக் கிடைப்பது. கம்ப்யூட்டர் பழுது பார்ப்பவர்கள் தூரத்திலிருந்தே நம் திரையைப் பார்த்து வேலை செய்யப் பயன்படுத்துவது. அந்த ஒன்பது இலக்க எண் வீட்டுச் சாவி மாதிரி. அதைச் சொல்லிவிட்டு, போன் கேட்கும் அனுமதிக்கும் 'சரி' என்று தட்டிவிட்டால், நம் திரை அவருக்கும் தெரியும். பத்து ரூபாய் யாருக்கு வேண்டும்? அதைக் கட்டும்போது நாம் தட்டும் கார்டு எண், சிவிவி (கார்டிலேயே அச்சிட்டிருக்கும் ரகசிய எண்), திரையின் உச்சியில் எட்டிப்பார்க்கும் ஓடிபி, இதெல்லாம்தான் வேண்டும். இப்படிப்பட்ட ஆப்களைப் பற்றி ரிசர்வ் வங்கி 2019 பிப்ரவரியிலேயே எச்சரித்தது. ஆனாலும் கரண்ட் கட்டாகும் என்றால் யாருக்கும் கை பதறத்தான் செய்கிறது.

சரி, சித்தி அன்றைக்குக் கேட்காமல் இருந்திருந்தால்? கணக்கிலிருந்து நாற்பதாயிரம் போயிருந்தால் அது திருட்டா, ஏமாற்றா, சித்தப்பாவின் தவறா?

யார் செய்த பரிவர்த்தனை?

எது நடந்தாலும் 'பணம் போயிடுச்சு' என்று நாம் ஒரே மாதிரிதான் சொல்கிறோம். வங்கி அப்படிப் பார்ப்பதில்லை. அது கேட்கும் முதல் கேள்வி, அந்தப் பரிவர்த்தனையைச் செய்தது யார் என்பது. வாடிக்கையாளரா, அவருக்குத் தெரியாமல் வேறொருவரா? பணம் திரும்புமா, யாரிடம் கேட்பது, எத்தனை நாளுக்குள் கேட்பது என்பதெல்லாம் இந்தப் பதிலிலிருந்துதான் கிளை பிரிகிறது.

ராத்திரி இரண்டு மணிக்கு நீங்கள் தூங்கிக்கொண்டிருக்கிறீர்கள். உங்கள் கிரெடிட் கார்டில் ஏதோ வெளிநாட்டுத் தளத்தில் டாலரில் எதையோ வாங்கியதாகச் செய்தி வருகிறது. ஓடிபி வரவே இல்லை. எப்படி என்று பலரும் குழம்புவார்கள். ஓடிபி போன்ற இரண்டாவது சரிபார்ப்பு நம் நாட்டுக்குள் நடக்கும் கார்டு பரிவர்த்தனைகளுக்கு ரிசர்வ் வங்கி வைத்த கட்டாயம். பல வெளிநாட்டுத் தளங்களுக்கு அது தேவையில்லை. கார்டு எண், காலாவதித் தேதி, சிவிவி இருந்தால் போதும். இது நீங்கள் செய்யாத பரிவர்த்தனை. வங்கி மொழியில் 'அங்கீகாரமற்ற' பரிவர்த்தனை. (கார்டில் வெளிநாட்டுப் பயன்பாட்டை அணைத்து வைக்கும் வசதியை 2020 முதல் எல்லா வங்கிகளும் தந்தாக வேண்டும். ஆப்பில் ஒரு பொத்தான்தான். வெளிநாட்டுச் சந்தா எதுவும் இல்லாதவர்கள் இதைப் படித்து முடிப்பதற்குள்கூட அணைத்துவிடலாம்.)

போனையே தொடாத பாட்டிகளுக்கும் இது நடக்கிறது. நூறு நாள் வேலைக் கூலியோ முதியோர் உதவித்தொகையோ வரும் கணக்கு, ஆதாரோடு இணைந்தது. கையடக்க இயந்திரத்தில் விரல் வைத்தால் பணம் கிடைக்கும். ஓடிபி கிடையாது. நிலப் பதிவு ஆவணங்களில் இருந்த ரேகையை நகலெடுத்து இந்த வழியில் பணம் சுருட்டிய வழக்குகள் வேறு மாநிலங்களில் பதிவாகியிருக்கின்றன. ஆதார் தளத்தில் விரல்ரேகையைப் பூட்டி வைக்கலாம். ஆனால் ரேஷன் கடைக்குப் போகும் முன் திறக்க மறந்தால் அங்கேயும் விரல் ஏறாது. பாட்டியின் திட்டு உங்களுக்குத்தான்.

இதற்கு நேர் எதிரான வகை ஒன்று இருக்கிறது. அதில் பின் நம்பரைப் போட்டது நீங்களேதான். பழைய கட்டிலை விற்க ஆன்லைனில் விளம்பரம் போடுகிறீர்கள். வாங்க வருகிறவர் பேரமே பேசாமல் ஒத்துக்கொள்கிறார். ஒரு க்யூஆர் கோடை அனுப்பி, "ஸ்கேன் பண்ணி பின் போடுங்க, பணம் வந்துடும்" என்கிறார். போடுகிறீர்கள், பணம் போகிறது. யுபிஐ பின் என்பது பணம் கொடுக்கவோ பேலன்ஸ் பார்க்கவோதான், வாங்குவதற்கு அது வேண்டாம். டீக்கடைக்காரர் காலை நாலு மணியிலிருந்து பணம் வாங்குகிறார். ஒரு தடவையாவது அவர் பின் போட்டுப் பார்த்திருக்கிறீர்களா? ஆளுக்கு ஆள் 'பணம் அனுப்பு' என்று கோரிக்கை வைக்கும் வசதி இப்படி மோசடிக்கே பயன்பட்டதால், 2025 அக்டோபர் 1 முதல் அதை யுபிஐயிலிருந்தே எடுத்துவிட்டார்கள். க்யூஆர் கோடு இருக்கிறதே, அதனால் தந்திரம் முழுதாகச் சாகவில்லை.

வீடியோவுக்கு லைக் போட்டால் சம்பளம் என்று ஆரம்பித்து முதலீட்டில் முடியும் பகுதிநேர வேலையும் இந்த வகைதான். போலீஸ் உடுப்பில் வீடியோ காலில் வந்து 'டிஜிட்டல் அரெஸ்ட்' என்று மிரட்டுவதும் அப்படியே. (நம் சட்டத்தில் அப்படி ஒரு கைது கிடையாது. வீட்டில் பெரியவர்களிடம் இந்த ஒரு வரியை மட்டுமாவது சொல்லி வையுங்கள்.) இவற்றிலெல்லாம் ஏமாந்தது உண்மை, ஆனால் வங்கியின் கணினியைப் பொறுத்தவரை சரியான போனிலிருந்து, சரியான பின்னோடு, வாடிக்கையாளரே அனுப்பிய பணம். இதில் வங்கியிடம் 'நீ கொடு' என்று கேட்பது கடினம். போலீஸ் வழியாகப் பணத்தைத் துரத்திப் பிடிக்கத்தான் பார்க்க வேண்டும்.

சித்தப்பாவின் கதை இந்த இரண்டுக்கும் நடுவில் விழுகிறது. பரிவர்த்தனையைச் செய்திருக்கப்போவது திருடன். அதற்கான கதவைத் திறந்துவிட்டது இவர். வங்கிக்கும் வாடிக்கையாளருக்கும் நடக்கும் சண்டைகளில் பெரும்பாலானவை இந்த நடு நிலத்தில்தான்.

2017இல் வந்த விதி

2017 ஜூலை 6 அன்று ரிசர்வ் வங்கி ஒரு சுற்றறிக்கை வெளியிட்டது. வாடிக்கையாளர் செய்யாத மின்னணுப் பரிவர்த்தனையில் பணம் போனால் நஷ்டத்தை யார் சுமப்பது என்பதற்கான அடிப்படை விதி அதுதான். வங்கிக் கிளையில் யாரும் அதை எடுத்துச் சொல்ல மாட்டார்கள். அதனால் கொஞ்சம் விரிவாகவே பார்க்கலாம்.

வங்கியின் பக்கம் தவறோ கவனக்குறைவோ இருந்தால் வாடிக்கையாளருக்கு ஒரு பைசா பொறுப்பும் இல்லை. அவர் புகார் கொடுத்தாரா இல்லையா என்பதுகூடப் பொருட்டில்லை. தவறு வங்கியிடமும் இல்லை, வாடிக்கையாளரிடமும் இல்லை, இடையில் எங்கோ கசிந்தது என்றால், நாள் கணக்கு வருகிறது. வங்கியிலிருந்து செய்தி வந்த பிறகு மூன்று வேலை நாளுக்குள் சொல்லிவிட்டால் பொறுப்பு பூஜ்யம். நான்கு முதல் ஏழு வேலை நாளுக்குள் என்றால் ஒரு எல்லை வரை நம் தலையில்: அடிப்படைச் சேமிப்புக் கணக்குக்கு (குறைந்தபட்ச இருப்பு வைக்கத் தேவையில்லாதது) 5,000 ரூபாய், சாதாரணச் சேமிப்புக் கணக்குக்கும் ஐந்து லட்சம் வரை வரம்புள்ள கிரெடிட் கார்டுக்கும் 10,000 ரூபாய், அதற்கு மேற்பட்ட கார்டுகளுக்கு 25,000 ரூபாய். போன தொகை இதைவிடக் குறைவு என்றால் அந்தத் தொகை மட்டும். ஏழு நாளும் தாண்டிவிட்டால் அந்தந்த வங்கியின் கொள்கைப்படி.

நாளை எண்ணும்போது செய்தி வந்த நாளைச் சேர்ப்பதில்லை. வெள்ளிக்கிழமை இரவு செய்தி வருகிறது, மறுநாள் இரண்டாம் சனி, அடுத்து ஞாயிறு என்றால், உங்கள் மூன்று நாள் திங்களில் தொடங்கிப் புதனில் முடியும். அதற்காகப் புதன்வரை காத்திருக்கச் சொல்லவில்லை. இது உங்களுக்கான கெடு. திருடனுக்கு அரை மணி நேரமே தாராளம்.

வாடிக்கையாளரே ஓடிபியையோ பாஸ்வேர்டையோ சொல்லிவிட்டால் நஷ்டம் அவருடையது. இதை எல்லா வங்கியும் மனப்பாடமாகச் சொல்லும். அந்த வாக்கியத்தின் மறுபாதியைத்தான் விட்டுவிடுவார்கள்: வங்கிக்குத் தகவல் சொல்லும் வரை ஆன நஷ்டம் மட்டுமே அவருடையது. சொன்ன பிறகும் கணக்கிலிருந்து பணம் போனால் அது வங்கியின் பொறுப்பு. அதனால் நாமே ஓடிபியைச் சொல்லித் தொலைத்தோமே என்று வெட்கப்பட்டு உட்கார்ந்திருப்பது இரண்டாவது நஷ்டம். முதல் தடவை இருபதாயிரம் போயிருக்கும். அடுத்த இருபதாயிரத்தை நிறுத்துவது உங்கள் போன் கால்தான்.

புகார் வந்த பத்து வேலை நாளுக்குள் அந்தத் தொகையை வங்கி தற்காலிகமாகக் கணக்கில் திருப்பி வைக்க வேண்டும். 90 நாளுக்குள் விசாரணையை முடிக்க வேண்டும். வாடிக்கையாளர் தவறு செய்தார் என்று நிரூபிக்கும் பொறுப்பும் வங்கிக்குத்தான். 'ஓடிபி போட்டுத்தானே பணம் போயிருக்கிறது, அப்படியென்றால் நீங்கள்தான் கொடுத்திருக்க வேண்டும்' என்பது ஊகம், நிரூபணம் இல்லை.

இது வெறும் காகிதப் பேச்சு இல்லை. ஒருவர் ஆன்லைனில் வாங்கிய பொருளைத் திருப்பித் தர முயன்றபோது, வாடிக்கையாளர் சேவை என்று சொல்லிப் பேசியவர் ஓர் ஆப்பை இறக்க வைத்து 94,204 ரூபாயை எடுத்துவிட்டார். சித்தப்பாவுக்கு நடந்ததேதான். அவர் ஒரு நாளுக்குள் வங்கிக்குச் சொன்னார். கணக்கு பாரத ஸ்டேட் வங்கியில். ஓடிபியைப் பகிர்ந்தது அவர்தான் என்பது வங்கியின் வாதம். கௌஹாத்தி உயர் நீதிமன்றம் வங்கிதான் பொறுப்பு என்றது. 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அதில் தலையிட மறுத்துவிட்டது. அவர் உடனே சொல்லியிருக்காவிட்டால் இந்தக் கதை வேறு மாதிரி முடிந்திருக்கும்.

பணம் எங்கே போகிறது?

திருடன் தன் சொந்தக் கணக்கில் வாங்குவதில்லை. யாரோ கல்லூரி மாணவருக்கோ கூலி வேலை பார்ப்பவருக்கோ சில ஆயிரம் கொடுத்து அவர் பெயரில் திறந்த கணக்கில் வாங்குவான். வாடகைக் கணக்கு. அங்கிருந்து அஞ்சு கணக்குக்குப் பிரியும். அந்த அஞ்சிலிருந்து இருபதுக்கு. கடைசியில் ஏ.டி.எம்.மில் நோட்டாகவோ கிரிப்டோவாகவோ மாறிவிட்டால் பிறகு பிடிப்பது பெரும்பாடு. ஆகவே போட்டி தூரத்தோடு இல்லை, நேரத்தோடு.

1930 என்ற எண் இதற்காகத்தான் இருக்கிறது. 2021 ஏப்ரலில் வேறு எண்ணில் தொடங்கி, பிறகு 1930 ஆனது. அழைப்பு அந்தந்த மாநில சைபர் குற்றப் பிரிவுக்குப் போகும். எந்த வங்கி, எவ்வளவு, எத்தனை மணிக்கு, பரிவர்த்தனை எண் என்ன என்று கேட்பார்கள். யுபிஐ என்றால் 12 இலக்க எண் ஒன்று இருக்கும்; ஆப்பில் அந்தப் பரிவர்த்தனையைத் தொட்டால் தெரியும். அழைக்கும் முன் அதை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். பதற்றத்தில் ஒரே போனில் பேசிக்கொண்டே தேட வராது. அவர்கள் பதிந்ததும் தகவல் பணம் போய்ச் சேர்ந்த வங்கிக்கு உடனே போகும். பணம் இன்னும் அங்கே இருந்தால் அதை எடுக்க முடியாதபடி நிறுத்தி வைப்பார்கள். அடுத்த வங்கிக்குப் போயிருந்தால் தகவலும் பின்னாலேயே ஓடும். பிறகு தேசிய சைபர் குற்றப் புகார்த் தளத்தில் விவரங்களை முழுமையாகப் பதிய வேண்டும்.

1930ஐ அழைத்துவிட்டோமே, வங்கிக்கும் தனியாகச் சொல்ல வேண்டுமா என்று கேட்பார்கள். கட்டாயம் சொல்ல வேண்டும். 1930 பணத்தைத் துரத்தும் இடம். மேலே சொன்ன மூன்று நாள் கணக்கு ஓடுவது உங்கள் வங்கியிடம். கார்டின் பின்புறமோ பாஸ்புக்கிலோ உள்ள எண்ணை அழைத்து, கார்டையும் யுபிஐயையும் முடக்கச் சொல்லி, புகார் எண்ணை வாங்கிக்கொள்ள வேண்டும். கூகுளில் வங்கியின் பெயரைப் போட்டுக் 'கஸ்டமர் கேர்' என்று தேடாதீர்கள். முதலில் வரும் எண் அடுத்த திருடனுடையதாக இருக்கலாம். தளத்துக்கே போவதென்றால் முகவரியின் கடைசியைப் பாருங்கள். இந்திய வங்கிகளின் தளங்கள் எல்லாம் 2025 அக்டோபர் இறுதிக்குள் 'டாட் பேங்க் டாட் இன்' என்ற முடிவுக்கு மாற வேண்டும் என்று ரிசர்வ் வங்கி கெடு வைத்திருந்தது.

நிறுத்தி வைத்த பணம் அப்படியே உங்கள் கணக்குக்குத் தாவி வந்துவிடாது. நீதிமன்றத்தில் மனுப் போட்டு உத்தரவு வாங்க வேண்டியும் இருக்கலாம். இதில் ஒரு பக்க விளைவும் உண்டு. திருடன் அந்தப் பணத்தில் ஒரு மளிகைக் கடையில் முந்நூறு ரூபாய்க்குச் சாமான் வாங்கியிருந்தால், சம்பந்தமே இல்லாத கடைக்காரரின் கணக்கும் முடங்கும். பாவம், அவர் எந்த ஊர்ப் போலீஸிடம் போய் விளக்குவார்? இந்த ஏற்பாட்டில் உள்ள ஓட்டை அது.

மாதாமாதம் கொறிக்கும் எலி

இதுவரை சொன்னது கொள்ளை. இன்னொன்று இருக்கிறது, சத்தமே வராது.

போன வருஷம் இரண்டு பிடிஎஃப் கோப்புகளை ஒன்றாகச் சேர்க்க ஓர் ஆப்பை இறக்கினேன். ஏழு நாள் சோதனை, ஒரே ஒரு ரூபாய் என்றது. ஒரு ரூபாய்தானே என்று யுபிஐ பின்னைப் போட்டேன். வேலை முடிந்ததும் ஆப்பை நீக்கியும் விட்டேன். மூன்று மாதம் கழித்து ஸ்டேட்மென்ட் பார்த்தால் மாதம் 299 ரூபாய் போய்க்கொண்டிருக்கிறது. அதற்கு முந்தைய நாள் ஒவ்வொரு முறையும் எஸ்.எம்.எஸ் வந்திருக்கிறது, லோன் வேண்டுமா, வட்டி வேண்டுமா என்று வரும் குப்பைகளுக்கு நடுவே அதையும் தள்ளிவிட்டிருக்கிறேன்.

நான் பின் போட்டது ஒரு ரூபாய்க்கு மட்டும் இல்லை. 'இனி மாதாமாதம் எடுத்துக்கொள்' என்ற ஆணைக்கும் சேர்த்து. ஆட்டோபே என்பது அதுதான். யுபிஐயில் 2020 ஜூலையில் வந்தது. 15,000 ரூபாய் வரை ஒவ்வொரு தடவையும் மறுபடி பின்னோ ஓடிபியோ கேட்காது. எடுப்பதற்கு 24 மணி நேரம் முன்னால் தெரிவிக்க வேண்டும் என்பது 2021 அக்டோபரிலிருந்து கார்டு, யுபிஐ எல்லாவற்றுக்கும் கறாராக அமலான விதி. ஆப்பை நீக்கினால் ஆணை நீங்காது. கடைக்குப் போவதை நிறுத்திவிட்டால் கடன் கணக்கு தீர்ந்துவிடுமா? யுபிஐ ஆப்பில் 'ஆட்டோபே' என்று ஒரு பகுதி இருக்கிறது. அதற்குள் போய் ரத்து செய்தால்தான் நிற்கும். கார்டில் கொடுத்த ஆணை என்றால் வங்கியின் ஆப்பில். ப்ளே ஸ்டோர், ஆப் ஸ்டோர் வழியாகச் சேர்ந்தது என்றால் அங்கேயே சந்தா என்ற பக்கத்தில். இப்போதே ஒரு தடவை திறந்து பாருங்கள். மறந்துபோன ஏதாவது ஒன்று உட்கார்ந்திருக்க வாய்ப்பு அதிகம்.

இதற்கு 2017 விதி உதவாது. அனுமதி கொடுத்தது நான். வங்கியைக் குற்றம் சொல்ல முடியாது. சண்டை அந்த ஆப் நிறுவனத்தோடுதான். சேர்வதற்கு ஒரு தட்டு, விலகுவதற்கு ஏழு பக்கம் என்று வைப்பதை மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30 அன்று வெளியிட்ட வழிகாட்டுதலில் 'சந்தாப் பொறி' என்று பட்டியலிட்டிருக்கிறது. நாம் கேட்காத பொருளைக் கூடையில் சேர்த்துவிடுவது, இன்னும் இரண்டே நிமிடம் என்று பொய்யாக அவசரப்படுத்துவது என அந்தப் பட்டியலில் 13 தந்திரங்கள். இவற்றுக்கு 1915, தேசிய நுகர்வோர் உதவி எண். தமிழிலும் பேசலாம். நான் புகார் பதிந்த பிறகு மூன்று மாதப் பணத்தில் ஒரு மாதத்தை மட்டும் திருப்பித் தந்தார்கள். மீதி 598 ரூபாய் எனக்கான டியூஷன் ஃபீஸ்.

கார்டில் கட்டிய பொருள் வரவே இல்லை, இரண்டு தடவை எடுத்துவிட்டார்கள் என்றால் வேறொரு வழி உண்டு. கார்டு கொடுத்த வங்கியிடம் 'சார்ஜ்பேக்' கேட்கலாம், அதாவது கட்டிய பணத்தை விற்றவரிடமிருந்து திருப்பி வாங்கித் தரச் சொல்லலாம். விற்றவரிடம் கேட்டதற்கான ஆதாரம், ஆர்டர் விவரம் இரண்டையும் கையில் வைத்துக்கொண்டு கேட்க வேண்டும். இதற்கும் கெடு உண்டு, தள்ளிப்போடாதீர்கள்.

செய்தியின் தலையைப் பாருங்கள்

எஸ்.எம்.எஸ்ஸில் என்ன எழுதியிருக்கிறது என்பதை விட யார் அனுப்பியது என்பதைப் பார்க்கப் பழகினால் பாதி வேலை முடிந்தது. வங்கியோ அரசோ பத்து இலக்க எண்ணிலிருந்து எஸ்.எம்.எஸ் அனுப்பாது. பதிவு செய்த எழுத்துத் தலைப்பில்தான் வரும். 2025இலிருந்து அந்தத் தலைப்பின் கடைசியில் ஒரு கோடும் ஓர் எழுத்தும் சேர்ந்திருக்கின்றன: 'பி' என்றால் விளம்பரம், 'எஸ்' சேவை, 'டி' பரிவர்த்தனை, 'ஜி' அரசு. "உங்கள் கணக்கில் 5,000 ரூபாய் வரவு" என்று ஒரு தனி செல்போன் எண்ணிலிருந்து செய்தி வந்து, பின்னாலேயே ஒருவர் அழைத்து, "தப்பா அனுப்பிட்டேன் அண்ணே, ஆஸ்பத்திரி செலவுக்கு வெச்சிருந்தது" என்று அழுதால், வரவே இல்லாத பணத்தைத்தான் அவர் திருப்பிக் கேட்கிறார். பேலன்ஸைப் பார்த்துவிட்டுப் பேசுங்கள். நிஜமாகவே வந்திருந்தாலும் நீங்களாக அனுப்ப வேண்டாம், வங்கியிடம் சொல்லச் சொல்லுங்கள்.

அழைப்புகளுக்கும் இப்படி ஓர் அடையாளம் வந்திருக்கிறது. 140இல் தொடங்கினால் விற்பனைக்காரர். வங்கி சேவைக்காக அழைப்பது 1600 வரிசையில். இது முழுக்கப் பழக்கத்துக்கு வர இன்னும் நாளாகும். ஆனால் சாதாரண எண்ணிலிருந்து 'வங்கி மேனேஜர்' பேசினால் சந்தேகப்பட இதுவே போதுமான காரணம்.

வெறும் தொல்லை அழைப்பு என்றால் 1909. ஏழு நாளுக்குள் புகார் சொல்லலாம். மோசடி வாடை அடிக்கும் அழைப்பு, பணம் இன்னும் போகவில்லை என்றால் தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில் 'சக்ஷு' என்ற பகுதி. சித்தப்பாவுக்கு வந்த எண்ணை அங்கேதான் பதிந்தோம். பணம் போய்விட்டால் இந்த இரண்டு இடத்துக்கும் வேலையில்லை, நேரே 1930.

வங்கி கையை விரித்தால்

புகார் கொடுத்து 30 நாள் ஆகியும் வங்கி பதில் சொல்லவில்லை, அல்லது சொன்ன பதில் சரியில்லை என்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். ஓம்புட்ஸ்மன் என்பார்கள். ஆன்லைனிலேயே பதியலாம், உதவிக்கு 14448. கட்டணம் இல்லை, வக்கீல் தேவையில்லை. முன்பே வங்கியிடம் எழுத்தில் புகார் கொடுத்திருக்க வேண்டும் என்பது முக்கியமான நிபந்தனை. கிளைக்குப் போய் மேனேஜரிடம் வாயால் சொன்னதை அங்கே கணக்கில் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். "நான் நாலு தடவை நேர்ல போய்ச் சொன்னேனே" என்று பலர் மாட்டிக்கொள்வது இந்த இடத்தில்தான். ஈமெயில் அனுப்புங்கள், அல்லது கடிதம் கொடுத்து நகலில் சீலும் தேதியும் வாங்குங்கள். இது போக மாவட்ட நுகர்வோர் ஆணையமும் இருக்கிறது. அங்கே காலம் பிடிக்கும். தொகை பெரியது என்றால் போகலாம்.

இதையெல்லாம் செய்துகொண்டிருக்கும்போது இன்னொரு அழைப்பும் வரக்கூடும். சைபர் செல்லிலிருந்து பேசுகிறேன், உங்கள் பணத்தைப் பிடித்துவிட்டோம், விடுவிக்க இரண்டாயிரம் ரூபாய் கட்டணம் என்பார். உங்கள் பெயர், போன தொகை, போன தேதி எல்லாம் சரியாகச் சொல்வார். எப்படித் தெரியும்? முதலில் எடுத்தவர்களிடம்தானே அந்த விவரம் இருக்கிறது. 1930, வங்கி, குறைதீர்ப்பாளர், இந்த மூன்று இடத்திலும் புகாருக்காக ஒரு ரூபாய்கூடக் கேட்பதில்லை.